ஓட்டைக்குக் கிடைத்த காப்புரிமையும் உங்கள் ரத்தப் பெட்டியும்

கேள்வி கேட்ட தங்கச்சி சேலத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூர், வெள்ளக்கடை, கொட்டச்சேடு ஊர்களில் எடுக்கும் ரத்த மாதிரிகள் பைக்கிலும் பஸ்ஸிலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் குலுங்கி, சீரம் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீர்) சிவந்து போய்விடுகிறது, அதற்காக ஒரு பெட்டி செய்திருக்கிறேன் என்கிறார். உள்ளே டியூப்கள் தூளி மாதிரி ஆடுமாம், வெப்பநிலை காட்ட ஒரு டிஸ்ப்ளே உண்டாம், 8 டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸர் அடிக்குமாம், "இன்னொரு சின்ன ஏற்பாடும் இருக்கிறது, அதை இங்கே சொல்லவில்லை" என்றும் ஒரு வரி. இதற்குப் பேட்டண்ட் கிடைக்குமா, ஒன்றரை லட்சம் கொடுத்தால் உலகப் பேட்டண்டே வாங்கித் தருகிறேன் என்கிறாரே ஒருவர், அவரை நம்பலாமா, அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் பெட்டியை வைக்கச் சொல்கிறார்களே, வைக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வைக்காதீர்கள். விண்ணப்பம் போட்ட பிறகு எத்தனை கண்காட்சியில் வேண்டுமானாலும் வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். அந்தச் "சின்ன ஏற்பாட்டை" எழுதாமல் விட்டீர்களே, அது மிகச் சரியான காரியம், பின்னூட்டத்தில் யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக லேப் மெஷின்களைச் சர்வீஸ் செய்கிறவன். சேலம், நாமக்கல், தர்மபுரி லேப்களில் செல் கவுண்டர், அனலைசர், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் எதில் கோளாறு என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் கதை, நீங்கள் தினமும் சிபிசி என்கிற ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை ஓட்டும் அந்தச் செல் கவுண்டரைப் பற்றியது.

1940களில் ரத்த அணுக்களை எண்ணுவது என்றால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணுவதுதான். சிகாகோவில் வாலஸ் கூல்ட்டர் என்ற மனிதர் வீட்டு பேஸ்மெண்டில் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும். நடுவில் ஒரு தடுப்பு, அதில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை, தண்ணீர் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஓர் அணு அந்த ஓட்டைக்குள் நுழையும் கணத்தில் தன் பருமன் அளவுக்கு உப்புத் தண்ணீரை விலக்கிவிடும், அணு மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, ஆகவே அந்தக் கணம் மின்தடை ஏறும், ஒரு துடிப்பு வரும். துடிப்பை எண்ணினால் எத்தனை அணு என்று தெரியும், துடிப்பின் உயரத்தைப் பார்த்தால் அணு எவ்வளவு பெரிது என்று தெரியும். முதலில் செய்து பார்த்தபோது அந்தத் தடுப்பு, சிகரெட் பாக்கெட் மேல் சுற்றி வரும் செல்லோஃபேன் காகிதம். அதில் சூடான ஊசியால் குத்திய ஓட்டை. இதை எடுத்துக்கொண்டு காப்புரிமை வக்கீல்களிடம் போனபோது, "ஓட்டைக்கெல்லாம் பேட்டண்ட் வாங்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள் என்பார்கள். அவர் விடவில்லை. 1949இல் விண்ணப்பித்து 1953 அக்டோபரில் வாங்கிவிட்டார், அமெரிக்கக் காப்புரிமை எண் 2,656,508.

அந்தக் காப்புரிமையின் தலைப்பைக் கவனியுங்கள். "திரவத்தில் மிதக்கும் துகள்களை எண்ணும் வழிமுறை" என்பதுதான் அதன் பொருள். ரத்தம் என்ற சொல்லே தலைப்பில் இல்லை, செல்லோஃபேனும் இல்லை. ஓட்டை என்பது உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. ஆனால் மின்சாரம் பாயும் திரவத்தை ஓர் ஓட்டை வழியாகக் குறுக்கி, துகள் தாண்டும்போது வரும் மாற்றத்தை எண்ணிக்கையாக்குவது அதுவரை யாரும் செய்யாதது. அவர் உரிமை கேட்டது அதற்கு.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுவே. பெட்டிக்கு யாரும் பேட்டண்ட் தருவதில்லை. பெட்டிக்குள் எந்த ஒரு ஏற்பாடு, எந்த ஒரு தொல்லையை, இதுவரை இல்லாத எந்த வழியில் தீர்க்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் உரிமை. அதை க்ளைம் என்பார்கள், உரிமைக்கோரிக்கை. விண்ணப்பத்தில் 30 பக்கம் இருந்தாலும் பின்னால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பிடித்துத் தொங்குவது அந்த வாக்கியத்தை.

சரி, உங்கள் பெட்டியைப் பார்ப்போம். டியூப்கள் தூளி போல் ஆடுவது பழசு. கப்பலில் திசைகாட்டியையும் விளக்கையும் சாயாமல் தொங்கவிட நூற்றாண்டுகளாக வளையத்துக்குள் வளையம் வைத்துத்தான் கட்டினார்கள். வெப்பநிலை டிஸ்ப்ளேயும் பழசு. தடுப்பூசிப் பெட்டியில் பஸ்ஸர் இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். மூன்றையும் ஒரே பெட்டியில் சேர்த்தது புதிதல்லவா என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். ஏற்கெனவே தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை தனித்தனியாகத் தங்கள் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பு ஆகாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. குக்கர் மூடியில் ஒரு கடிகாரத்தை ஒட்டினால் குக்கரும் வேகவைக்கும், கடிகாரமும் மணி காட்டும், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மூடி உள்ளே இறங்கும் குக்கரை யோசித்துப் பாருங்கள். நீராவி எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடி விளிம்போடு போய் ஒட்டிக்கொள்ளும், ஆவி அடங்கும்வரை நீங்கள் நினைத்தாலும் திறக்க முடியாது. சோற்றை வேகவைக்கிற ஆவியே பூட்டாகவும் வேலை செய்கிறது. ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் வேலையை மாற்றுகிறதா என்று உங்கள் பெட்டியிலும் தேடுங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கிற அந்த ஏற்பாடு, தூளியின் ஆட்டத்தையோ குளிர்ச்சியையோ ஏதாவது ஒரு விதத்தில் மாற்றுகிறது என்றால், அங்கேதான் உங்கள் கண்டுபிடிப்பு இருக்க வாய்ப்பு.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு, பாத்திரம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உத்தரப்பிரதேசம் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களை லேத்தில் கடைவதற்கு, பாத்திரத்தைப் பசை வைத்து ஒட்டாமல் அழுத்தியே பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கு 1951இல் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. லேத்தில் பொருளை அழுத்திப் பிடிப்பது முன்பே எல்லாருக்கும் தெரிந்ததுதான், இது பட்டறையில் ஒரு நல்ல தொழிலாளி செய்துகொள்ளும் சாதாரண மேம்பாடு, இதில் கண்டுபிடிப்புக்கு உரிய படி இல்லை என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். விஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு என்று பெயர், இன்றைக்கும் புதுமை பற்றிப் பேச்சு வந்தால் இதை எடுத்துக் காட்டாமல் இருக்க மாட்டார்கள். சிவதாபுரம், பனங்காடு கொலுசுப் பட்டறைகளில் நான் பார்த்த சில கைவேலை ஏற்பாடுகள் அவ்வளவு அழகானவை, ஆனால் இந்தத் தீர்ப்பை வைத்து அளந்தால் பல நிற்காது. அதற்காக அவை மட்டம் என்று அர்த்தம் இல்லை. அவற்றுக்கு இந்தக் கதவு திறக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்று. யோசனை தோன்றியதும் பேட்டண்ட் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். ஏற்காட்டில் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரமெல்லாம் நாயுருவி விதை ஒட்டியிருக்கும், நாம் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவரும் 1941இல் தன் நாயின் மேல் ஒட்டிய இதே மாதிரி ஒரு விதையைப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்து அதில் கொக்கி இருப்பதைக் கண்டார். ஆனால் நைலானில் அந்தக் கொக்கியை நெய்வது எப்படி என்று கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆனது, காப்புரிமை 1955இல்தான் கிடைத்தது. இன்று நீங்கள் பிபி பார்க்கும்போது கையில் சுற்றுகிற பட்டையைச் சர்ரென்று பிரிக்கிறீர்களே, அந்த வெல்க்ரோ இதுதான். "கொக்கி ஒட்டும்" என்பது யோசனை, அந்தக் கொக்கியைச் செய்யும் வழியும் செய்த பொருளும்தான் கண்டுபிடிப்பு. "குலுங்காத பெட்டி" என்பதும் யோசனைதான், எப்படிக் குலுங்காது என்று எழுதுங்கள்.

க்ளைம் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். நீங்கள் எவர்சில்வர் டிபன் டப்பாவில் செய்திருக்கலாம், அதற்காக "எவர்சில்வர் டப்பா" என்று எழுதினால், நாளைக்கு ஒருவன் பிளாஸ்டிக்கில் செய்து விற்பான், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. "மாதிரிக் குழாயைத் தாங்கித் தொங்கும் ஓர் உறுப்பு" என்று எழுதினால் தூளியும் அடங்கும், ஊஞ்சலும் அடங்கும். ரொம்பவும் அகலமாகப் போய் "குலுக்கலைக் குறைக்கும் எந்தப் பெட்டியும்" என்று கேட்டால் ஆய்வாளர் பத்துப் பழைய காப்புரிமைகளைத் தூக்கி முன்னால் வைத்துவிடுவார். அதனால் முதல் க்ளைம் அகலமாக, அதைச் சார்ந்து இரண்டாவது, மூன்றாவது க்ளைம்கள் குறுகலாக என்று படிப்படியாக இறங்குவார்கள். முதல் படி உடைந்தாலும் அடுத்த படியில் நிற்கலாம். இதை எழுதிப் பழகியவர் கையில் கொடுப்பதில் தவறே இல்லை, ஆனால் எது புதிது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இப்போது ஏன் கண்காட்சியில் வைக்காதீர்கள் என்றேன் என்பதற்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் தூளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கென்று ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் சேலம் லீ பஜாரில் மூட்டை மூட்டையாக இறங்குகிற மஞ்சள், நம் வீட்டில் குழந்தை விழுந்து முட்டி சிராய்த்தால் பாட்டி அப்புகிற மஞ்சள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போராடியது. எங்கள் பாட்டிக்குத் தெரியும் என்று சொன்னால் அங்கே எடுபடாது, எழுத்தில் காட்ட வேண்டும். பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்து வைத்தார்கள், 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. முன்பே வெளியில் தெரிந்த ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது என்ற விதி அன்று நமக்குக் கை கொடுத்தது. அதே விதி உங்களுக்கு எதிராகவும் திரும்பும். கண்காட்சியில் நீங்களே ஒட்டுகிற படம், கொடுக்கிற நோட்டீஸ், போடுகிற வீடியோ எல்லாமே "முன்பே வெளியில் தெரிந்தது" ஆகிவிடும். அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சிகளுக்கு 12 மாதச் சலுகை ஒன்று சட்டத்தில் உண்டு, நம் ஊர் மண்டபக் கண்காட்சிகளை அதில் எண்ணிவிடாதீர்கள். பெரிய விஞ்ஞானிகளுக்கே இது நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி (ஒரே இலக்கில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) செய்யும் முறையை 1975இல் கட்டுரையாக வெளியிட்டார்கள், காப்புரிமை எடுக்கவில்லை. உங்கள் லேபில் இருக்கிற ரேபிட் கார்டுகளில் பெரும்பாலானவை அந்த முறையின் மேல் நிற்பவைதான்.

இனி என் கதை. 2011 வாக்கில் பழைய சென்ட்ரிஃபியூஜ்களுக்கு ஒரு சின்ன சர்க்யூட் செய்தேன். அந்தக் காலத்து மெஷின்களில் சுவிட்சை அணைத்த பிறகும் ரோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், அவசரத்தில் மூடியைத் திறந்து கை விரல் போன டெக்னீஷியனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தனி சென்சார் எதுவும் வைக்காமல், மோட்டார் தானாகச் சுற்றும்போது அது உண்டாக்குகிற மின்னழுத்தத்தையே உணர்ந்து, அது முழுக்க அடங்கும்வரை மூடியைப் பிடித்து வைக்கிற மாதிரி செய்தேன். ஒரு ஆலோசகர் வந்தார், பேச்சு நன்றாக இருந்தது, 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக, விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். நம்பர் வந்தது. சந்தோஷத்தில் மெஷின் மேலே "பேட்டண்ட் நிலுவையில்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, மூன்று மாவட்டத்திலும் முப்பதுக்கு மேல் விற்றேன். ப்ரொவிஷனல் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும் என்று அவர் எனக்குச் சொல்லவே இல்லை. நானும் படிக்கவில்லை. வருடம் ஓடிப் போயிற்று. அப்புறம் சென்னையில் பதிவு பெற்ற ஒரு ஏஜெண்டிடம் போனேன். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "விற்றீர்களா?" நான் விற்ற முப்பது மெஷினும் எனக்கே எதிர்ச்சாட்சி. போதாததற்கு அந்த ப்ரொவிஷனலை எடுத்துப் படித்தால், மோட்டார் மின்னழுத்தத்தை உணர்வது பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை, "மூடியைப் பூட்டும் மின்னணுச் சாதனம்" என்று பொதுவாக ஒரு பாராவோடு முடித்திருந்தார். விண்ணப்பம் இல்லாமல் போன பிறகு அந்த ஸ்டிக்கரே தப்பு, பொய்யாகக் காப்புரிமை உரிமை சொல்லிக்கொண்டால் அபராதம் உண்டு என்பதால் லேப் லேபாகப் போய் உரித்துவிட்டு வந்தேன். அந்த வேலை செய்த நாட்கள் இன்னும் மனதில் இருக்கின்றன.

அதனால் ப்ரொவிஷனல் என்பது இடம் பிடிக்கத் துண்டு போடுவது என்று நினைக்காதீர்கள். அதில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. எல்லாவற்றையும் எழுதுங்கள், கையால் வரைந்த படமாக இருந்தாலும் சேருங்கள், வேறு எப்படி எப்படியெல்லாம் இதையே செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். தேதியின் அருமைக்கு ஒரு உதாரணம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டினோமே, அந்தப் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை ஜப்பானில் டகுவோ அயோயாகி கண்டுபிடிக்க, அவருடைய நிஹான் கோடன் நிறுவனம் 1974 மார்ச்சில் விண்ணப்பித்தது. மினோல்டா நிறுவனம் தனியாக அதே பாதையில் வந்து ஏப்ரலில் விண்ணப்பித்தது. அவ்வளவுதான் இடைவெளி.

செலவைப் பற்றிச் சொல்கிறேன், ஒன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக்குக் கோரும் கட்டணம் 4,000. ஆய்வுக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறந்தால் அத்தோடு போயிற்று. சாதாரணமாக 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் வெளியாகும், அதன் பிறகு ஆய்வாளர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார், ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முதல் ஆட்சேபக் கடிதத்தைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது எல்லாருக்கும் வருவது. நீங்கள் பெண் என்பதால் 8,000 ரூபாய் கட்டி விரைவு ஆய்வு கேட்கவும் வழி இருக்கிறது. உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், மூன்றாவது வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும், ஆரம்பத்தில் வருடத்துக்கு 800. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். ஏஜெண்ட் கட்டணம் இதற்கு மேல் தனி, அது ஆளுக்கு ஆள் மாறும். யாராக இருந்தாலும் காப்புரிமை ஏஜெண்டாகப் பதிவு செய்த எண் என்ன என்று கேளுங்கள், அலுவலக இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. நான் அன்று அதைக் கேட்கவில்லை.

உலகப் பேட்டண்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிசிடி என்று ஒரு பன்னாட்டு விண்ணப்பம் உண்டு, அதுவும் விண்ணப்பம்தான். இந்தியாவில் போட்ட 12 மாதத்துக்குள் அதைப் போட்டால் முதல் தேதி தொடரும், பிறகு அந்த முதல் தேதியிலிருந்து ஏறத்தாழ 30 மாதத்துக்குள் எந்தெந்த நாட்டில் வேண்டுமோ அந்தந்த நாட்டில் தனித்தனியாகப் போய், தனித்தனியாகப் பணம் கட்டி, தனித்தனியாக வாங்க வேண்டும். ஏற்காட்டு வளைவுகளுக்காகச் செய்த பெட்டிக்கு முதலில் இந்தியா போதும் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு எச்சரிக்கை, ஒரே வாரத்தில் சான்றிதழ் என்று சொல்லி யுகேயில் டிசைன் பதிவு செய்து கொடுத்து அதைப் பேட்டண்ட் என்று கல்லூரிகளில் விற்கிறார்கள். டிசைன் பதிவு பொருளின் தோற்றத்துக்கு மட்டும் உரியது. உள்ளே இருப்பது எப்படி வேலை செய்கிறது என்பதை அது காக்காது. அதே போல நம் சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் கிடைத்ததையும் பலர் பேட்டண்ட் என்கிறார்கள், அது புவிசார் குறியீடு, ஊருக்கும் அங்கே தொழில் செய்கிறவர்களுக்கும் சேர்ந்த பெயர் உரிமை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் முக்கியமானது. நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். ஊழியர் கண்டுபிடித்தால் யாருக்குச் சொந்தம் என்று நம் காப்புரிமைச் சட்டம் சொல்வதில்லை, உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். 1967இல் அமெரிக்காவில் ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொருள்களுக்குப் படம் வரையச் சேர்ந்த மார்கரெட் கிரேன் என்ற பெண், லேபில் வரிசையாகத் தொங்கிய சோதனைக் குழாய்களையும் அவற்றின் அடியில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியையும் பார்த்தார். கர்ப்பப் பரிசோதனை என்று சொன்னார்கள். இவ்வளவுதானா, இதை ஒரு பெண் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று நினைத்து, மேசையில் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவை வைத்து ஒரு மாதிரி செய்தார். 1971இல் அவர் பெயரில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் ஒரு டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தார், அந்த ஒரு டாலரும் கைக்கு வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பெட்டியை வீட்டில் உங்கள் காசில் செய்திருந்தாலும், விண்ணப்பிக்கும் முன் லேப் உரிமையாளரிடம் "எங்களுக்கு இதில் உரிமை இல்லை" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிவிடுங்கள், அல்லது பங்கு என்ன என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கடிதம் வாங்குவதற்காகவும் உள் ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

அடுத்து, தேடல். விண்ணப்பிக்கும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். கூகிள் பேட்டண்ட்ஸ், எஸ்பாஸ்நெட், நம் அரசின் இன்பாஸ், காப்புரிமைகளைத் தேடும் இந்த மூன்று தளங்களும் இலவசம். உங்கள் பெட்டிக்கு மிக நெருக்கமான ஒன்று கிடைத்தால் அதில் ஒரு வகைப்பாட்டுக் குறியீடு இருக்கும், அந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால் வார்த்தை வேறாக இருந்தாலும் அதே வகைச் சாதனங்கள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் முதல் க்ளைமைப் படியுங்கள், பிறகு படங்களைப் பாருங்கள். நான் மெஷின் ரிப்பேர் கற்றதில் பாதி இப்படித்தான். காலாவதியான காப்புரிமையில் இருப்பதை யாரும் செய்யலாம், விற்கலாம். வெளிநாட்டில் மட்டும் வாங்கி இந்தியாவில் வாங்காமல் விட்டதையும் இங்கே செய்து இங்கே விற்கலாம். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் பயந்து ஒதுங்குகிறார்கள்.

பரிசோதனை சம்பந்தமாக ஒரு எல்லை உண்டு. மனிதர்களுக்கு நோய் கண்டறியும் முறைக்கோ சிகிச்சை முறைக்கோ இந்தியாவில் காப்புரிமை கிடையாது, கருவிக்கும் கிட்டுக்கும் கிடைக்கும். ஆகவே "மாதிரியைக் கொண்டுவந்து இப்படிப் பரிசோதிக்கும் முறை" என்று எழுதாமல் பெட்டியின் அமைப்பாக எழுதுங்கள். அதே போல, காப்புரிமை கிடைத்தால் விற்க அனுமதி கிடைத்ததாகாது. 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளில் உங்கள் பெட்டி எந்த வகுப்பில் வருகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். மாதிரி கொண்டுபோகும் பெட்டி என்றால் மூன்று அடுக்கு இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வழக்கம், கசியாத டியூப், அதைச் சுற்றிக் கசியாத உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி. தூளியில் ஆடுகிற டியூப் உடைந்தால் ரத்தம் எங்கே போகும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் பஸ்ஸர் 8 டிகிரியில் அடிக்கிறது என்றது எனக்கு உறுத்துகிறது. சர்க்கரை டெஸ்டுக்குக் குளிர் நல்லதுதான், பிரிக்காத ரத்தத்தில் அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குளுக்கோஸைத் தின்றுவிடும், குளிர் அதைத் தாமதப்படுத்தும். ஆனால் பொட்டாசியத்துக்கு அதே குளிர் விரோதி. அணுவின் சுவரில் பொட்டாசியத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் பம்ப் குளிரில் நின்றுவிடும், பொட்டாசியம் வெளியே கசியும், சீரம் சிவக்கவே சிவக்காது, பார்க்க அருமையாக இருக்கும், ரிப்போர்ட் மட்டும் பொய் சொல்லும். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் நீல மூடி டியூப்பையும் குளிரில் வைக்கக் கூடாது. இதற்கு உங்கள் பெட்டியில் ஏற்கெனவே வழி இருக்கிறதா தெரியவில்லை. இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன் இதை யோசியுங்கள், ஒரே பெட்டியில் இரண்டு வெப்பநிலையை எளிமையாகத் தருகிற ஏதாவது ஒன்று உங்களுக்குத் தோன்றினால், ஒருவேளை உங்கள் முதல் க்ளைமே அதுவாகிவிடலாம்.

ஒரே ஆளிடம் நாகலூரில் இரண்டு டியூப் எடுங்கள், சம்மதம் கேட்டுவிட்டு. ஒன்று உங்கள் பெட்டியில், இன்னொன்று வழக்கமான ஐஸ் பெட்டியில், ஒரே பைக்கில் கீழே வரட்டும். இரண்டிலும் பொட்டாசியம், அணு உடைந்தால் ஏறும் எல்டிஎச், சீரத்தின் நிறம் மூன்றையும் எழுதுங்கள். இருபது பேருக்காவது செய்யுங்கள். அந்த எண்கள் விண்ணப்பத்தில் இருந்தால் ஆய்வாளரிடம் பேசுவது எளிது. எண்களை எனக்கு அனுப்ப வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம். விண்ணப்ப எண் கைக்கு வந்த அன்று ஒரு வரி எழுதுங்கள், பெட்டியோடு உங்கள் பின்னால் பைக்கில் இருபது வளைவும் இறங்கி வந்து பார்க்க எனக்கு ஆசை.